நெஞ்சுப் படத்தில் தெரியாதது: முதியோர் இல்லங்களில் நிமோனியாவும் முன்கணிப்பும்

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் 85 வயதான ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்றிலிருந்து இருமல், நெஞ்சுப் படம் எடுத்தால் வலது நுரையீரலின் அடியில் ஒரு சிறிய வெண்படலம். நிமோனியாதான். அவர் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், இரத்த அழுத்தம் எவ்வளவு என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை. ஆனால், உலகம் முழுதும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘நிமோனியா தீவிரக் குறியீடு’ என்ற கணக்கின்படி அவருக்கு ஏற்கெனவே 95 மதிப்பெண் ஏறிவிட்டது. வயதுக்கு 85, இல்லத்தில் வசிப்பதற்கு 10. தொண்ணூறைத் தாண்டியவர்கள் நான்காம் வகுப்பு, அதாவது மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர்கள். பெண்ணாக இருந்தால் வயதில் பத்தைக் கழிப்பார்கள். மொத்தம் 85, மூன்றாம் வகுப்பு. எப்போதோ ஒரு பக்கவாதம் வந்திருந்தால் இன்னொரு பத்து சேர்ந்து அவரும் நான்காம் வகுப்புக்குப் போய்விடுவார். நோய் எவ்வளவு கடுமையானது என்று கேட்பதற்கு முன்பே விடை வந்துவிடுகிறது.

அந்தக் குறியீட்டைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மைக்கேல் ஃபைன் தலைமையிலான குழு 1997-இல் அதை வெளியிட்டபோது, நோக்கம் வேறாக இருந்தது. நிமோனியாவோடு வரும் பலரை மருத்துவர்கள் தேவையில்லாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஆபத்து குறைந்தவர்களைக் கண்டுபிடித்து வீட்டிலேயே சிகிச்சை தர முடியுமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. 14,199 நோயாளிகளின் விவரங்களிலிருந்து கணக்கை உருவாக்கி, 38,039 பேரிடம் சோதித்தார்கள். மொத்தம் இருபது அம்சங்கள். பொதுமக்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. சிக்கல், அதே கணக்கை அனைவரும் முதியவர்களாகவும் அனைவரும் இல்லவாசிகளாகவும் உள்ள ஓரிடத்துக்குக் கொண்டுபோகும்போது வருகிறது. அங்கே முதுமையும் முகவரியும் எல்லோருக்கும் பொது. எல்லோருக்கும் பொதுவான ஒன்று யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டுவதுதான் முன்கணிப்பின் வேலை. ஒரே கூடத்தில் ஒரே வாரத்தில் நிமோனியா வந்த இரண்டு பேரில் ஒருவர் மாத்திரையோடு பத்து நாளில் தேறுகிறார். இன்னொருவர் நான்காம் நாள் இறக்கிறார். முதல் நாளே அந்த வேறுபாட்டை எது சொல்லியிருக்கும்? கடந்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் கனடாவிலும் இந்தக் கேள்வியோடு உழைத்தவர்களின் கண்டுபிடிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: விடையின் பெரும்பகுதி நுரையீரலில் இல்லை. நோய் வருவதற்கு முந்தைய மாதங்களில் அந்த மனிதர் எப்படிச் சாப்பிட்டார், எப்படி நடந்தார், எவ்வளவு எடை இழந்தார், எந்த மனநிலையில் இருந்தார் என்பதில் இருக்கிறது.

இங்கே பேசப்படும் இல்லங்கள் நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்று பலகை வைத்திருக்கும் சிறு தனியார் மருத்துவமனைகள் அல்ல. தாமாகக் குளிக்கவோ உடுத்தவோ முடியாதவர்கள், டிமென்ஷியா முற்றியவர்கள் நிரந்தரமாகத் தங்கும் இடங்கள். அமெரிக்காவில் அங்கே முழுநேர மருத்துவர் இருப்பது அரிது. செவிலியர் தொலைபேசியில் அழைப்பார். மருத்துவர் மறுமுனையிலிருந்து முடிவு சொல்வார். அந்த உரையாடலில் எந்தத் தகவல் சொல்லப்படுகிறதோ அதைப் பொறுத்தே ஒருவர் நள்ளிரவில் ஆம்புலன்ஸில் ஏற்றப்படுவதும் படுக்கையிலேயே விடப்படுவதும் அமையும்.

நோயும் அங்கே வேறு முகத்தோடு வருகிறது. இளையவருக்குக் குளிர்காய்ச்சல், நெஞ்சுக்குத்து, சளியோடு இருமல் என்று அறிவித்துக்கொண்டு வரும் நிமோனியா, முற்றிய முதுமையில் ஓசையின்றி வரும். காய்ச்சல் ஏறாமலே போகலாம். இருமும் வலுவே சிலருக்கு இருக்காது. காலையில் சாப்பிட மறுப்பார், படுக்கையிலிருந்து எழும்போது விழுவார், மகளின் பெயரை மாற்றிச் சொல்வார், வழக்கத்தைவிட அதிகம் தூங்குவார். முதலில் தட்டுப்படும் உடற்குறி பெரும்பாலும் மூச்சு வேகம்தான். நிமிடத்துக்கு 25-க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். மருத்துவத்தில் மிக மலிவான இந்தப் பரிசோதனைதான் மிக அதிகமாகத் தவிர்க்கப்படுவதும்.

பொதுக் கணக்குகள் இங்கே இடறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிமோனியாவால் வரும் குழப்பத்துக்குப் பல குறியீடுகள் மதிப்பெண் தருகின்றன. பிரிட்டனில் பிறந்து 2003-இல் வெளியான ‘கர்ப்-65’ என்ற சுருக்கமான கணக்கில் குழப்பம், இரத்த யூரியா, மூச்சு வேகம், இரத்த அழுத்தம், 65-ஐத் தாண்டிய வயது ஆகிய ஐந்துதான் உறுப்புகள். இல்லவாசிக்கு வயது மதிப்பெண் உறுதி. டிமென்ஷியா உள்ளவரிடம் குழப்பம் புதிதா பழையதா என்று, அவரை நேற்றும் பார்த்தவரால்தான் சொல்ல முடியும். யூரியாவோ நீர் குறைவாகக் குடிப்பதாலும் சிறுநீரகத் தளர்ச்சியாலும் பலருக்கு எப்போதுமே கூடுதலாக இருக்கும். ஆக, நிமோனியா வராத நாளிலேயே ஐந்துக்கு மூன்று பெற்றுவிடக்கூடியவர்கள் அங்கே உண்டு. இதனால்தான் நியூயார்க் மாநிலத்தில் எல்-சோல் என்ற ஆய்வாளரின் குழு, குழப்பத்தையும் யூரியாவையும் விட்டுவிட்டு இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, வயது, மூச்சு வேகம் ஆகியவற்றை மட்டும் கொள்ளும் ‘சோர்’ என்ற கணக்கை இல்லவாசிகளிடம் சோதித்துப் பார்த்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 2000-இல், நாட்டன், மைலட் ஆகியோர் அதே மாநிலத்தில் நான்கே கேள்விகள் கொண்ட ஒரு கணக்கை முன்வைத்திருந்தார்கள்: மூச்சு 30-க்கு மேலா, நாடி 125-க்கு மேலா, உணர்வுநிலை மாறியதா, டிமென்ஷியா இருந்ததா.

இந்தத் துறையின் அடிக்கல் என்று நான் கருதுவது மிசூரி ஆய்வு. டேவிட் மேர் என்ற குடும்ப மருத்துவரின் தலைமையில், மிசூரி மாநிலத்தின் நடுப்பகுதியிலும் செயின்ட் லூயிஸ் பகுதியிலும் உள்ள 36 இல்லங்களில் 1995-இலிருந்து 1998 வரை நடந்தது; முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. சாதாரணமாக இத்தகைய ஆய்வுகள் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி நடக்கும். அதனால் மருத்துவமனைக்கே அனுப்பப்படாமல் இல்லத்திலேயே பிழைத்தவர்களும் இறந்தவர்களும் கணக்கில் வரவே மாட்டார்கள். மேரின் குழுவோ ஆய்வுச் செவிலியர்களை இல்லங்களுக்கே அனுப்பியது. நோய் தொடங்கும்போதே நேரில் பார்த்து, இரத்தம் எடுத்து, படம் எடுத்து, பிறகு என்ன ஆனது என்று தொடர்ந்தது. 1,044 பேருக்கு 1,406 முறை கீழ்ச்சுவாசத் தொற்று வந்தது. முப்பது நாட்களுக்குள் இறந்தது 207 முறை, நூற்றுக்கு 14.7.

அந்த எண்ணை முதலில் படித்தபோது நான் நின்று யோசித்தேன். இல்லத்தில் நிமோனியா என்றால் முடிந்தது என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் குடும்பங்களிடமும் எவ்வளவு ஆழமாக இருக்கிறது! ஆனால் ஏழு பேரில் ஆறு பேர் ஒரு மாதம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். ஆய்வாளர்கள் உருவாக்கிய பதினேழு மதிப்பெண் கணக்கில், பாதிக்குச் சற்று அதிகமானோர் நான்கும் அதற்குக் கீழுமான மதிப்பெண் பெற்றார்கள். அந்தப் பாதியில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். முன்கணிப்பு என்றால் மரணத்தை முன்கூட்டி அறிவிப்பது என்று நினைக்கிறோம். அதன் முதல் பயன் எதிர்த்திசையில் இருக்கிறது: யாரைக் கைவிட வேண்டியதில்லை, யாரை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்று சொல்வதில்.

மிசூரி கணக்கின் எட்டு உறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அவற்றில் ஒரு முழு மனிதர் தெரிகிறார். இரத்தத்தில் யூரியா நைட்ரஜன், வெள்ளணுக்களின் எண்ணிக்கை, லிம்போசைட் எண்ணிக்கை, நாடித் துடிப்பு, உயரத்துக்கேற்ற எடை, அன்றாடச் செயல்களில் பிறரைச் சார்ந்திருக்கும் அளவு, ஆணா என்பது, கடந்த தொண்ணூறு நாட்களில் மனநிலை தாழ்ந்ததா என்பது.

வெள்ளணுவும் நாடியும் இன்றைய தொற்றைப் பற்றிப் பேசுகின்றன. மற்றவை முந்தைய காலத்தைப் பற்றிப் பேசுகின்றன. யூரியா ஏறியிருப்பது, உடல் வற்றியிருக்கிறது, சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது, தசையே கரைந்துகொண்டிருக்கிறது என்று மூன்று செய்திகளை ஒரே எண்ணில் தரலாம். லிம்போசைட் குறைவது கடும் நோயின் அழுத்தத்தாலும் நேரலாம், நெடுநாள் ஊட்டக் குறைவாலும் நேரலாம். மெலிந்தவர் இறக்கும் வாய்ப்பு கூடுகிறது, ஏனென்றால் தொற்றோடு போராடும் நாட்களில் உண்ணாமல் தாக்குப்பிடிக்க உடலில் இருப்பு வேண்டும். சளியை வெளியே தள்ளத் தசை வேண்டும். அன்றாடச் செயல்கள் என்று அவர்கள் கணக்கிட்டது பல்துலக்கித் தலைவாரிக்கொள்ளுதல், கழிப்பறைக்குப் போதல், நடமாடுதல், உண்ணுதல் ஆகியவற்றை. தானே உண்ண முடியாதவருக்குப் பிறர் ஊட்டுகிறார்கள். ஊட்டும்போது புரையேறுகிறது. புரையேறி நுரையீரலுக்குள் போவது உணவு மட்டுமல்ல, துலக்கப்படாத வாயின் கிருமிகளும்தான். ஆகவே ‘ஊட்டிவிட வேண்டியவர்’ என்ற ஒரு குறிப்பு, நோய் வரும் வழியையும் வந்த பின் தாங்கும் திறனையும் சேர்த்தே சொல்கிறது.

எட்டாவதுதான் என்னை அதிகம் தொட்டது. மனநிலை. நிமோனியாவுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே முகம் வாடியிருந்தவர்கள், மற்ற ஏழும் சமமாக இருந்தாலும், அதிகம் இறந்தார்கள். மனச்சோர்வே காரணமா, அல்லது உடலுக்குள் தொடங்கிவிட்ட சரிவு மனத்தில் முதலில் தெரிந்ததா என்று இத்தகைய ஆய்வு பிரித்துச் சொல்லாது. ஆனால் அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய இல்லச் சீர்திருத்தச் சட்டத்தின் விளைவாக, ஒவ்வொரு இல்லவாசியின் நிலையையும் குறித்த கால இடைவெளியில் ஒரே மாதிரிப் படிவத்தில் பதிய வேண்டியதாயிற்று. அதில் ஒரு கேள்வி: கடந்த தொண்ணூறு நாட்களில் இவரது மனநிலை முன்னேறியதா, அப்படியே இருக்கிறதா, தாழ்ந்ததா? செவிலியர்கள் சலிப்போடு நிரப்பிய படிவமாகவும் இருந்திருக்கும். அந்தக் கட்டத்தில் யாரோ ஒருவர் கவனித்துப் போட்ட ஒரு குறி, ஆய்வகச் சோதனைகளோடு சமமாக நின்று மரணத்தைக் கணித்தது. 2010-இல் படிவத்தின் புதிய பதிப்பு வந்தபோது, மனநிலைக்கு இல்லவாசியிடமே நேரில் கேட்கும் ஒன்பது கேள்விகள் சேர்க்கப்பட்டன. மனச்சோர்வைக் கண்டறிய அது மேலான முறை. ஆனால் ஒரு படிவம் மாறும்போது அதன் மேல் கட்டிய கணக்கின் தரையும் நகர்கிறது. முன்கணிப்புச் சூத்திரங்களைப் பற்றிப் பேசுபவர்கள் சூத்திரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அதற்குள் போகும் தகவலை யார், எந்த நேரத்தில், எந்தக் களைப்பில் பதிகிறார் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

மிசூரி கணக்கு எவ்வளவு துல்லியம்? இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் குலுக்கல் முறையில் எடுத்து, இருவரில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணக்கிடம் கேட்டால், நூறு இணைகளில் சுமார் 76-இல் அது சரியாகச் சொல்லும். காசைச் சுண்டினாலே ஐம்பது சரியாக வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. 76 என்பது பயனுள்ள எண். தீர்ப்பெழுதப் போதாத எண். ஒரு பாட்டிக்கு முப்பது விழுக்காடு ஆபத்து என்று கணக்கு சொன்னால், அவரைப் போன்ற நூறு பேரில் முப்பது பேர் இறப்பார்கள் என்றுதான் பொருள். அந்த முப்பதில் இவரும் ஒருவரா என்று அதற்குத் தெரியாது. குழுவைப் பற்றிய அறிவை ஒருவர் மேல் ஏற்றும் இந்த இடத்தில்தான் மருத்துவரின் நேர்மை சோதிக்கப்படுகிறது.

நெதர்லாந்து வேறொரு வழியில் போனது. அங்கே இல்ல மருத்துவம் 1990-ஐ ஒட்டியே தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டுவிட்டது. மருத்துவர் இல்லத்திலேயே வேலை செய்கிறார். இல்லவாசியை நோயில்லாத நாட்களிலும் அறிந்திருக்கிறார். யென்னி வான் டெர் ஸ்டேன் என்ற ஆய்வாளர், 1996 முதல் 1998 வரை 61 இல்லங்களில் டிமென்ஷியாவோடு நிமோனியாவும் வந்த 706 பேரைப் பின்தொடர்ந்தார். அவரது கணக்கு இரண்டு வாரங்களுக்குள் நேரும் இறப்பைக் கணிப்பது. அதன் உறுப்புகள்: ஆண் என்பது, மூச்சு வேகம், மூச்சுத் திணறல், நாடி, விழிப்புணர்வு குறைதல், போதிய நீர் அருந்தாமை, உண்ணப் பிறரைச் சார்ந்திருத்தல், படுக்கைப்புண். ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்க வேண்டாம். எல்லாமே கட்டிலருகில் நின்று பார்த்துச் சொல்லக்கூடியவை. பின்னர் மேரும் வான் டெர் ஸ்டேனும் சேர்ந்து இரு நாட்டுத் தரவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு நாட்டில் கண்ட முன்னறிகுறிகள் மறு நாட்டிலும் செல்லுபடியாயின. சிகிச்சை முறைகள் அவ்வளவு மாறுபட்ட இரு நாடுகளிலும் அப்படி என்பது சிறிய செய்தியல்ல. அமெரிக்காவில் நரம்பு வழி மருந்தும் மருத்துவமனையும் அதிகம். நெதர்லாந்தில் வாய் வழி மருந்தும் இல்லப் படுக்கையும் அதிகம்.

ஆனால் நெதர்லாந்துத் தரவுகளில், முன்கணிப்பைப் பற்றி எழுதும் எவரும் தாண்டிப்போக முடியாத ஒரு எண் இருக்கிறது. அந்த 706 பேரில் 23 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாட்டிக் தரப்படவே இல்லை. 69 விழுக்காட்டினருக்குக் குணப்படுத்தும் நோக்கத்தோடும், 8 விழுக்காட்டினருக்கு வேதனையைத் தணிக்கும் நோக்கத்தோடும் தரப்பட்டது. தரப்படாதவர்கள் டிமென்ஷியா மிக முற்றியவர்கள், நிமோனியாவும் கடுமையானவர்கள், உணவும் நீரும் குறைந்தவர்கள். அவர்கள் மருந்தில்லாததால் இறந்தார்களா, இறக்கவிருந்ததால் மருந்து நிறுத்தப்பட்டதா? இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. இவர் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் நினைக்கிறார், அதனால் சிகிச்சை குறைகிறது, அவர் இறக்கிறார், அந்த இறப்பு தரவில் ஏறுகிறது, அடுத்த சூத்திரம் அதைப் படித்துவிட்டு இத்தகையவர்கள் பிழைப்பதில்லை என்கிறது. தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் இந்தச் சுழலை, எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் கணிதம் தானாக அவிழ்த்துவிடாது. இல்லவாசிகளுக்கான எந்தச் சூத்திரத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்க விரும்புவது, அதன் துல்லியம் எவ்வளவு என்று அல்ல. அதை உருவாக்கிய இல்லங்களில் யாருக்குச் சிகிச்சை தரப்படவில்லை என்று.

நிமோனியாவை முதியவர்களின் நண்பன் என்று சொல்லும் வழக்கம் வில்லியம் ஆஸ்லரிடமிருந்து பரவியது. 1892-இல் வந்த தன் புகழ்பெற்ற மருத்துவ நூலில் அவர் அதை முதுமையின் பகைவன் என்றே எழுதினார். சில ஆண்டுகள் கழித்து வந்த பதிப்பில்தான் நண்பன் ஆக்கினார். நெடிய சீரழிவிலிருந்து விரைவாக, அதிக வலியில்லாமல் விடுவிக்கிறது என்பது அவர் கருத்து. 1919-இல் அவரும் நிமோனியாவின் சிக்கல்களால்தான் இறந்தார், எழுபது வயதில். வான் டெர் ஸ்டேனின் குழு இந்த நட்பை அளந்தே பார்த்தது. பேச முடியாத நோயாளிகளின் முகச்சுளிப்பு, முனகல், மூச்சொலி, உடல் இறுக்கம் ஆகியவற்றைக் கவனித்து மதிப்பிடும் ஓர் அளவுகோலை வைத்து, மருந்து தொடங்கியவர்களிடமும் நிறுத்தியவர்களிடமும் வேதனையைப் பதிந்தார்கள். நிமோனியா கண்டறியப்பட்ட நேரத்தில் வேதனை உச்சத்தில் இருந்தது. மருந்து தரப்படாதவர்கள் அதற்கு முன்பும் பின்பும் கூடுதலாக வேதனைப்பட்டார்கள். மூச்சுத் திணறல்தான் அதில் முதன்மை. மருந்தை நிறுத்தியதே அந்த வேதனையைத் தந்தது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. அவர்கள் முன்பே அதிகம் நலிந்தவர்கள். ஆனால், நிமோனியாவால் வரும் சாவு இதமானது, ஒன்றும் செய்யாமல் விட்டாலே போதும் என்று நம்பிக்கொண்டிருப்பதற்கு இனி இடமில்லை. சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தால், மூச்சுத் திணறலைத் தணிக்கும் மருந்தும் ஆளும் கட்டிலருகில் அன்றே இருந்தாக வேண்டும்.

சிகிச்சை தந்தால் மட்டும் வேதனை குறைகிறதா? பாஸ்டன் பகுதியில் 22 இல்லங்களில் டிமென்ஷியா முற்றிய 323 பேரைப் பதினெட்டு மாதம் தொடர்ந்த சூசன் மிட்செலின் ஆய்வு, 2009-இல் வெளியானது. அந்தக் காலத்துக்குள் 41 விழுக்காட்டினருக்கு நிமோனியா சந்தேகம் எழுந்தது. அப்படி வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், 46.7 விழுக்காடு, ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். இதே குழுவின் தரவை வைத்து ஜேன் கிவன்ஸ் அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரை, ஆன்டிபயாட்டிக் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சராசரியாக ஒன்பது மாத அளவுக்கு அதிகம் வாழ்ந்ததாகக் காட்டியது. ஆனால் அவர்களது சுகநிலை மதிப்பீடு குறைவாக இருந்தது. நரம்பு வழி மருந்தும் மருத்துவமனையும் என்று சிகிச்சை கடுமையாக ஆக, சுகம் மேலும் குறைந்தது. வாய் வழி மாத்திரையைவிட நரம்பு வழி மருந்து ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை.

நியூயார்க்கில் ஷான் மாரிசனும் ஆல்பர்ட் சியூவும் 2000-இல் வெளியிட்ட ஒப்பீட்டையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களில், அறிவுத்திறன் குன்றாதவர்கள் ஆறு மாதத்தில் 13 விழுக்காடு இறந்தார்கள். டிமென்ஷியா முற்றியவர்கள் 53 விழுக்காடு. முப்பது நாள் கணக்கில் பிழைத்தவர் என்று எழுதப்படுபவர், ஆறு மாதக் கணக்கில் வேறு பக்கத்தில் இருக்கலாம். எந்த நாளில் நின்று எண்ணுகிறோம் என்பதே விடையை மாற்றிவிடுகிறது.

மருத்துவமனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்விக்கு மட்டும், குலுக்கல் முறைச் சோதனை ஒன்று தெளிவான விடை தந்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ஹாமில்டன் நகரை மையமாகக் கொண்டு, மார்க் லோப் தலைமையில் 22 இல்லங்களில் 680 பேரிடம் அது நடந்தது, 2006-இல் வெளிவந்தது. ஒரு பாதி இல்லங்களில் வழக்கமான நடைமுறை. மறு பாதியில் ஒரு வகுக்கப்பட்ட வழிமுறை: உண்ணவும் குடிக்கவும் முடிகிறதா, நாடி நூறுக்கு மேல் போகவில்லையா, மூச்சு முப்பதுக்குக் கீழா, இரத்த அழுத்தம் தொண்ணூறுக்குக் குறையவில்லையா, ஆக்சிஜன் 92 விழுக்காடாவது இருக்கிறதா? எல்லாம் ஆம் என்றால் வாய் வழி ஆன்டிபயாட்டிக், இல்லத்துக்கே வரும் எக்ஸ்ரே கருவி, நீர்ச்சத்து, செவிலியரின் தொடர் கண்காணிப்பு. வழக்கமான இல்லங்களில் 22 விழுக்காட்டினர் மருத்துவமனைக்குப் போனார்கள். வழிமுறையைப் பின்பற்றிய இல்லங்களில் 10 விழுக்காட்டினர். இறப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை: 9, 8. ஒருவர் இறப்பாரா என்று இந்த வழிமுறை கேட்கவே இல்லை. இவரை இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானதா என்று மட்டும் கேட்டது. முன்கணிப்பை ஒரு செயலோடு இறுகக் கட்டியதால்தான் அது பலன் தந்தது என்று நினைக்கிறேன். தனியாக நிற்கும் மதிப்பெண் கோப்பில் தங்கிவிடுகிறது. நெதர்லாந்தின் மதிப்பெண் முறை பலமுறை சரிபார்க்கப்பட்டும், மருத்துவரின் அன்றாட முடிவுகளுக்குள் அது இறங்குவதில் உள்ள தடைகளை ஆராய்வதற்கே 2011-இல் ஒரு தனிக் கட்டுரை தேவைப்பட்டது.

முடிவை யார் எடுப்பது என்பதிலும் நாடுகள் வேறுபடுகின்றன. வட கரோலினாவிலும் நெதர்லாந்திலும் பன்னிரண்டு பன்னிரண்டு மருத்துவர்களிடம் நடந்த நேர்காணல் ஆய்வில், அமெரிக்க மருத்துவர்கள் குடும்பத்தின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுப்பதாகவும், சில வேளை அது வீண் என்று நினைத்தபோதும் அப்படிச் செய்வதாகவும் தெரிந்தது. டச்சு மருத்துவர்கள் நோயாளியின் நலன் எது என்று தாமே பொறுப்பேற்று முடிவெடுத்தார்கள். இரண்டிலும் ஆபத்து உண்டு. ஆனால் குடும்பத்திடம் முடிவை ஒப்படைப்பவர் கையிலிருக்கும் தகவலையும் ஒப்படைக்க வேண்டும். பாஸ்டன் ஆய்வில், டிமென்ஷியா எப்படி முடியும், என்னென்ன சிக்கல் வரும் என்பதைப் புரிந்துகொண்டிருந்த உறவினர்களின் பெற்றோர், கடைசி மூன்று மாதங்களில் மருத்துவமனை, குழாய் உணவு போன்ற துன்பங்களுக்கு மிகக் குறைவாகவே ஆளானார்கள். மூச்சு வாங்கும் தாயின் கட்டிலருகில் நிற்கும் மகளுக்கு, ‘இவரைப் போன்றவர்களில் பத்தில் நால்வர் இந்த மாதத்தைத் தாண்டுவதில்லை, ஆறு பேர் தாண்டுகிறார்கள்; தாண்டியவர்களும் முன்பிருந்த நிலைக்குத் திரும்பாமல் போகலாம்’ என்று ஒருவர் உட்கார்ந்து நிதானமாகச் சொல்வது, எந்த நரம்பு வழி மருந்துக்கும் குறைந்த சிகிச்சையல்ல.

அந்த வாக்கியத்தின் கடைசிப் பகுதிக்கு மட்டும், மேலே பார்த்த எந்த மதிப்பெண் முறையும் எண் தருவதில்லை. அவை எண்ணுவது இறப்பை மட்டும். பாஸ்டனில் டெரி ஃப்ரீட் 1997-இலேயே அதைத் தாண்டிப் பார்த்தார்: நோய் அவ்வளவு கடுமையில்லாதவர்களில், மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்கள் இரண்டு மாதம் கழித்து, இல்லத்திலேயே சிகிச்சை பெற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். நிமோனியாவுக்கு முன் கரண்டியைத் தானே பிடித்த இரண்டு மூதாட்டிகள். முப்பதாம் நாள் இருவரும் உயிரோடு. ஒருவர் மீண்டும் கரண்டியைப் பிடிக்கிறார். இன்னொருவர் இனி ஊட்டுவதற்காகக் காத்திருப்பவர், அடுத்த புரையேற்றத்துக்கு முன்னைவிட அருகில். மிசூரி கணக்கிலும் நெதர்லாந்துக் கணக்கிலும் இருவரும் ஒரே நிரலில் ‘பிழைத்தவர்’. இருவரையும் பிரித்தறியத் தேவையான விவரம், யாருக்கு ஊட்ட வேண்டியிருக்கிறது, யார் தானே உண்கிறார் என்பது, இல்லங்கள் ஒவ்வொரு காலாண்டும் நிரப்பி அனுப்பும் அதே படிவத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதியப்பட்டு வருகிறது.